மிதிவண்டியோட்டி தடத்தின் நடுவில் செல்லலாமா? பிரிட்டன் சாலை விதிகளும் பின்னால் வருபவரின் பொறுமையும்

கெண்டன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கே கார் ஓட்டுபவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் இருப்பதால் இந்தக் கேள்வியை வைக்கிறேன். ஹாரோவிலிருந்து வெம்பிளி நோக்கிக் காலையில் வேலைக்குச் செல்லும்போது, இடப்பக்கம் போதிய இடம் இருந்தும் தடத்தின் நடுவிலேயே மிதித்துச் செல்பவர்களை அண்மைக் காலத்தில் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களுக்குப் பின்னால் வண்டிகள் வரிசையாக ஊர்ந்து வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை சர்ரே பக்கம், பாக்ஸ் ஹில் வழியாகச் சென்றால் இருவர் இருவராகச் சேர்ந்து பேசிக்கொண்டே செல்லும் குழுக்களைப் பார்க்கலாம்.

ஓரமாகச் செல்வதுதான் பாதுகாப்பு என்று சொல்லித்தான் நம் ஊரில் நம்மை வளர்த்தார்கள். இந்த நாட்டுச் சட்டம் இதை அனுமதிக்கிறதா, அல்லது சிலர் தாமாக எடுத்துக்கொள்ளும் உரிமையா என்று விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டும். யாரையும் குறை கூறுவதற்காக இதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் எவ்வளவு இடம் விட்டு, எங்கே முந்துவது என்று எனக்கு உண்மையிலேயே குழப்பமாக இருக்கிறது.

சங்கிலிச்சத்தம் எழுதியது:

நண்பர் கெண்டன்வாசி அவர்களுக்கு வணக்கம். சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் அல்ல.

2022 சனவரி 29 அன்று இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று நாடுகளுக்கும் நடைமுறைக்கு வந்த ஹைவே கோட் என்னும் சாலை விதிநூலின் திருத்தத்தில் 72ஆம் விதி இதைப் பற்றியே பேசுகிறது. போக்குவரத்து குறைந்த தெருக்களிலும், வண்டிகள் மெதுவாக நகரும் இடங்களிலும், சந்திப்புகளை நெருங்கும்போதும், சாலை குறுகி முந்துவது ஆபத்தாகும் இடங்களிலும் சைக்கிளோட்டி தடத்தின் நடுவில் செல்லலாம் என்று அது சொல்கிறது. அதே விதி, போக்குவரத்து குறைந்த தெருவில் பின்னால் வேகமான வண்டி வந்தால், பாதுகாப்பாக ஒதுங்க முடியும் என்றால், இடப்பக்கம் நகர்ந்து அதற்கு வழிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. வண்டிகள் வேகமாகச் செல்லும் நெரிசலான சாலைகளில் ஓரக்கல்லிலிருந்து குறைந்தது அரை மீட்டர் தள்ளி, தேவைப்பட்டால் இன்னும் தள்ளிச் சென்று, பாதுகாப்பான இடத்தில் பிறர் முந்த இடம் தர வேண்டும். ஓட்டுநர்களுக்கான 213ஆம் விதி இதன் மறுபக்கம். சைக்கிளோட்டிகள் நடுவில் செல்வதும் இருவராகச் செல்வதும் அவர்கள் பாதுகாப்புக்காகவே என்பதால் அதற்கு இடம் கொடுங்கள் என்று அது ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்கிறது.

இடப்பக்கம் போதிய இடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மீட்டர் கணக்கில் பார்ப்போம். ஓரக்கல்லிலிருந்து அரை மீட்டர் தள்ளிச் சக்கரம் உருளும்போது கைப்பிடியின் வலமுனை சுமார் 0.8 மீட்டரில் இருக்கும். மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில் சைக்கிளோட்டியை முந்துபவர் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்கிறது 163ஆம் விதி. அதற்கு மேற்பட்ட வேகத்தில் இன்னும் கூடுதலாக விட வேண்டும். அங்கேயே 2.3 மீட்டர் ஆகிவிட்டது. பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து ஒரு சாதாரணக் காரின் அகலம் ஏறத்தாழ 2 மீட்டர். ஆக, முறைப்படி முந்த 4.3 மீட்டர் வேண்டும். நம் பகுதித் தடங்களில் பெரும்பாலானவை 3 மீட்டரை ஒட்டியவை. சைக்கிளோட்டி எவ்வளவுதான் ஓரத்தில் ஒட்டிச் சென்றாலும், சரியாக முந்தும் கார் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்த்தடத்துக்குள் போக வேண்டியிருக்கும். எதிரே வண்டி வரும்போது முந்த முடியாது, எதிர்த்தடம் காலியாக இருக்கும்போது முந்தலாம். அவர் ஓரத்தில் இருந்தாலும் நடுவில் இருந்தாலும் இந்த நிலை மாறுவதில்லை.

மாறுவது ஒன்றுதான். அவர் ஓரத்தில் இருக்கும்போது எதிரே வண்டி வந்தாலும், இடையில் நுழைந்துவிடலாம் என்று பின்னால் வருபவருக்குத் தோன்றும். அப்படி நுழையும் கார் கைப்பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போகும். நடுவில் செல்பவர் அந்த எண்ணத்துக்கே இடம் கொடுப்பதில்லை. அவர் தடுப்பது, அந்த இடத்தில் எப்படியும் செய்யக் கூடாத முந்துதலைத்தான்.

அரசின் போக்குவரத்துத் துறை 2020 சூலையில் வெளியிட்ட சைக்கிள் கட்டமைப்பு வழிகாட்டி இதை வடிவமைப்பாளர் கண்ணோட்டத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கலப்புப் போக்குவரத்தில் 3.2 முதல் 3.9 மீட்டர் வரை அகலமுள்ள தடங்கள் சைக்கிளுக்கு ஏற்றவை அல்ல என்று அது கூறுகிறது. அதைவிடக் குறுகிய தடத்தில் இடமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட அகலமான தடத்தில் உண்மையிலேயே இடம் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அகலம்தான் இடம் இருப்பதுபோல் காட்டி ஓட்டுநரை ஏமாற்றுகிறது. நீங்கள் குறிப்பிடும் சாலையும் அந்த வகையாக இருக்கலாம்.

வடலி எழுதியது:

சங்கிலிச்சத்தம் தம்பி கணக்கை விளக்கமாகச் சொன்னார், நன்றி. ஆனாலும் ஒரு சாரதியாக என் மனதில் உள்ளதையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, ஹைவே கோட்டில் 'கட்டாயம்' என்று சொல்லப்பட்டவை சட்டத்தின் பின்பலம் உள்ளவை, மற்றவை ஆலோசனைகள். வீதியின் நடுவே செல்வதற்கான 72ஆம் விதி ஆலோசனை வகையைச் சேர்ந்தது. அதைச் சட்டம் தந்த உரிமை என்று பேசுவது பொருத்தமா? இரண்டாவது, அதே நூலின் 169ஆம் விதி, நீண்ட வாகன வரிசையைப் பின்னால் மறித்து வைக்க வேண்டாம், தேவையானால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி மற்றவர்களைப் போக விடுங்கள் என்று மெதுவாகச் செல்பவர்களைக் கேட்கிறது. உழவு இயந்திரத்தோடு வீதிக்கு வருபவர் ஒதுங்கி வழிவிடுகிறார். துவிச்சக்கரவண்டியில் வருபவரிடம் அதே பண்பை எதிர்பார்ப்பது தவறா? மூன்றாவது, மற்றவர்களைக் கருத்தில் கொள்ளாமல் துவிச்சக்கரவண்டி ஓட்டுவது 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி குற்றம். வரிசையாக வாகனங்கள் காத்திருப்பதைத் தெரிந்துகொண்டும் ஒதுங்காதவர் அந்தப் பிரிவுக்குள் வரமாட்டாரா?

எரிபொருள் கிடைக்காத யுத்த காலத்தில் யாழ்ப்பாணமே துவிச்சக்கரவண்டியில்தான் ஓடியது. நானும் அப்படி ஓடியவன்தான், ஆகவே எனக்கு அந்த வண்டியில் வெறுப்பில்லை. பின்னால் வருபவரும் ஒரு மனிதர், அவருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று உண்டு என்ற நினைப்பு முன்னால் செல்பவரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

சங்கிலிச்சத்தம் எழுதியது:

வடலி அண்ணாவின் மூன்று கேள்விகளும் நேர்மையானவை, மூன்றுக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

ஆலோசனை வகை விதியை மீறுவது தன்னளவில் குற்றமாகாது என்பது சரி. அதே 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, வழக்கு என்று வந்தால் ஒருவர் ஹைவே கோட்டைப் பின்பற்றினாரா இல்லையா என்பதை அவருடைய பொறுப்பை நிறுவவோ மறுக்கவோ ஆதாரமாகக் கொள்ளலாம் என்கிறது. ஆகவே நடுவில் சென்றவர் மோதப்பட்டு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், அவர் நின்ற இடம் 72ஆம் விதிக்கு உட்பட்டதா என்பது எடைபோடப்படும். நெருங்கி உரசிச் சென்ற ஓட்டுநர் மீது கவனமின்றி ஓட்டியதாக வழக்கு வந்தால் 1.5 மீட்டரும் அதேபோல் எடைபோடப்படும். வெஸ்ட் மிட்லண்ட்ஸ் காவல்துறை 2016இல் சாதாரண உடையில் காவலர்களைச் சைக்கிளில் அனுப்பி, மிக நெருங்கி முந்தியவர்களை நிறுத்தத் தொடங்கியபோது அந்த அளவு விதிநூலில் இல்லை. கவனமின்றி ஓட்டுதல் என்ற பழைய குற்றப் பிரிவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

29ஆம் பிரிவு உண்மையானது. அதன்கீழ் 1,000 பவுண்டு வரையிலும், ஆபத்தாக ஓட்டுவதற்கான 28ஆம் பிரிவின்கீழ் 2,500 பவுண்டு வரையிலும் அபராதம் விதிக்கலாம். நாம் பேசும் சிக்கலுக்கு மிக நெருக்கமான வழக்கு ஒன்றும் நடந்திருக்கிறது. டெல்ஃபோர்டு பகுதியில் தடத்தின் நடுவில் சென்ற ஒருவரை முந்துவதற்காகக் கார்கள் தாண்டக் கூடாத இரட்டை வெள்ளைக்கோட்டைத் தாண்ட வேண்டியிருந்தது என்று காவல்துறை வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது, 2007இல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. கோட்டைத் தாண்டியவர்கள் பொறுத்திருந்திருக்கலாம் என்பதுதான் அன்று சைக்கிளோட்டிகள் முன்வைத்த வாதம், என் வாதமும் அதுவே. மணிக்கு 10 மைல் அல்லது அதற்கும் குறைந்த வேகத்தில் செல்லும் சைக்கிளை, எதிரே வழி காலியாக இருந்தால், இரட்டைக்கோட்டைத் தாண்டியும் முந்தலாம் என்று 129ஆம் விதி ஓட்டுநருக்குச் சலுகை தருகிறது. ஏற்றமான சாலைகளில் இது பெரிதும் உதவும்.

169ஆம் விதியில் நான் உங்கள் பக்கம். அது வண்டி ஓட்டுபவரை நோக்கி எழுதப்பட்டது, சைக்கிளுக்குப் பொருந்தாது என்று சிலர் வாதிடுவார்கள். அந்த வாதத்தை நான் ஏற்பதில்லை. நடுவில் செல்வது எங்கே, ஓரத்துக்கு நகர்வது எங்கே என்று தீர்மானிக்கும் பொறுப்பை விதி சைக்கிளோட்டியின் கையில் கொடுத்திருக்கிறது. கொடுத்தபின், ஆபத்தான இடம் கடந்ததும் நகர வேண்டிய கடமையும் அவருடையதுதான். குறுகல் முடிந்து சாலை விரிந்த பின்னும் பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடுவிலேயே செல்பவர் 72ஆம் விதியின் முதல் பாதியை மட்டும் படித்தவர்.

இரட்டைமாடி எழுதியது:

நான் இலண்டனில் பேருந்து ஓட்டுகிறேன். என் இருக்கையிலிருந்து இது எப்படித் தெரிகிறது என்பதையும் நண்பர்கள் அறிந்துகொள்ளட்டும்.

பேருந்தின் உடல் அகலம் 2.55 மீட்டர், அதற்கு வெளியே கண்ணாடிகள். நண்பரின் கணக்கில் காருக்குப் பதில் பேருந்தை வைத்தால் கிட்டத்தட்ட 5 மீட்டர் ஆகிவிடுகிறது. அதனால் எனக்கு முன்னால் செல்லும் சைக்கிளோட்டி நடுவில் இருக்கிறாரா ஓரத்தில் இருக்கிறாரா என்பது என் பயண நேரத்தை மாற்றுவதில்லை. அவர் தடுமாற்றமில்லாமல் ஒரே கோட்டில் செல்கிறாரா என்பதுதான் எனக்கு முக்கியம். நடுவில் நேராகச் செல்பவர் எனக்குத் தெளிவாகத் தெரிகிறார், அவருக்குப் பின்னால் நிதானமாக வருவேன். ஓரத்தில் செல்பவர் நிறுத்தி வைத்த ஒவ்வொரு காரைச் சுற்றியும் வெளியே வந்து, இடைவெளி கிடைத்ததும் மறுபடி உள்ளே போய், அடுத்த காருக்கு மறுபடி வெளியே வருவார். அவர் எப்போது வெளியே வருவார் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பொறுத்தவரை இதுவே பெரிய ஆபத்து.

நிறுத்தி வைத்த கார்களின் கதவுகளையும் மறக்கக் கூடாது. 67ஆம் விதி கதவகலம் அல்லது 1 மீட்டர் தள்ளிச் செல்லுங்கள் என்கிறது. காரில் இருப்பவர் கதவுக்குத் தூரத்திலுள்ள கையால் திறந்தால் தோள் தானாகத் திரும்பிப் பின்னால் வருபவர் கண்ணில் படுவார் என்று 239ஆம் விதி சொல்லிக் கொடுக்கிறது. வலப்பக்கம் அமரும் ஓட்டுநர் இடக்கையால் திறக்க வேண்டும். ஆனால் அந்தப் பழக்கம் எத்தனை பேரிடம் இருக்கிறது? அது பரவும்வரை கதவுகளிலிருந்து தள்ளியிருப்பது சைக்கிளோட்டியின் தற்காப்பு. அந்த 1 மீட்டரை விட்டபின் அவர் எங்கே இருப்பார் என்று கண்டிப்பாக எண்ணிப் பாருங்கள், பெரும்பாலான தெருக்களில் அது தடத்தின் நடுவாகத்தான் இருக்கும்.

சைக்கிளோட்டிகளிடம் என் வேண்டுகோள் ஒன்று. நான் நிறுத்தத்துக்காக இடப்பக்கம் ஒதுங்கச் சமிக்ஞை காட்டிய பின் எனக்கும் ஓரக்கல்லுக்கும் இடையே நுழையாதீர்கள். அந்த இடத்தில் உங்களை நான் பார்ப்பேன் என்று யாராலும் உறுதி தர முடியாது. பெரிய லாரிகளுக்கும் இதுவே பொருந்தும். இலண்டனில் கனரக லாரிகளின் நேரடிப் பார்வைத் தகுதிக்கு, அதாவது ஓட்டுநர் இருக்கையிலிருந்தே வெளியே எவ்வளவு தெரிகிறது என்ற தரத்துக்கு, இப்போது மூன்று நட்சத்திரம் கேட்கிறார்கள், அதற்குக் காரணமே இடப்பக்கம் திரும்பும் லாரியின் கீழ் போன உயிர்கள்தான்.

தாமரைக்குளம் எழுதியது:

கெண்டன்வாசி அண்ணன் இருவராகச் செல்வதைப் பற்றியும் கேட்டிருந்தார், அதற்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை. டூட்டிங்கில் என் மகளைப் பள்ளிக்குச் சைக்கிளில் அழைத்துச் செல்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

இருவர் அருகருகே செல்லலாம் என்று 66ஆம் விதி தெளிவாகக் கூறுகிறது. பெரிய குழுக்களிலும், குழந்தைகளோடும் அனுபவம் குறைந்தவர்களோடும் செல்லும்போதும் அது கூடுதல் பாதுகாப்பாக இருக்கலாம் என்றும் சொல்கிறது. பின்னால் வரும் ஓட்டுநர்களை நினைவில் வைத்து, பாதுகாப்பு என்று உங்களுக்குத் தோன்றும்போது ஒற்றை வரிசைக்கு மாறியோ நின்றோ அவர்களை முந்த விடுங்கள் என்றும் அதே விதி கேட்கிறது. மகளை இடப்பக்கம் விட்டு நான் அவளுக்கு வலப்பக்கம், சற்றுப் பின்தள்ளிச் செல்கிறேன். அவள் முன்னால் தனியாகச் சென்றால் ஓட்டுநர்கள் என்னைக் கடந்தபின் எங்கள் இருவருக்கும் இடையில் புகுந்துவிடுகிறார்கள், எதிரே வண்டி வந்தால் அவள் பக்கம் ஒடிக்கிறார்கள். அருகருகே செல்லும்போது அது நடப்பதில்லை.

சாலை அகலமான இடம் வந்ததும் நான் அவளுக்குப் பின்னால் வந்து கையால் சைகை காட்டுகிறேன். பெரும்பாலானோர் கை உயர்த்தி நன்றி சொல்லிக் கடந்து போகிறார்கள். ஒலிப்பான் அடித்து விரட்டுபவர்களும் உண்டு. அதிர்ந்துபோய் அவள் சைக்கிளை ஓரக்கல்லில் இடித்த நாள் ஒன்று உண்டு. நீண்ட நாட்களுக்கு அவள் சைக்கிளைத் தொடவில்லை. ஒலிப்பான் அடித்தவருக்கு அதனால் சில விநாடிகளுக்கு மேல் மிச்சமாகியிருக்காது.

எட்டுப் பேர் ஒற்றை வரிசையில் சென்றால் அது நீளமான வரிசை. முந்துபவர் எதிர்த்தடத்தில் இருக்க வேண்டிய நேரமும் கூடும். நான்கு இணைகளாகச் சென்றால் அந்த நீளம் பாதியாகிறது. சங்கிலிச்சத்தம் அவர்களின் கணக்குப்படி எதிர்த்தடத்துக்குள் எப்படியும் போக வேண்டும் என்னும்போது, அங்கே குறைந்த நேரம் இருப்பதுதான் ஓட்டுநருக்கும் நல்லது.

பொங்கோல்காரர் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் விதிகளைப் படிக்கும்போது எங்கள் விதிகள் வேறு திசையில் எழுதப்பட்டிருப்பது தெரிகிறது, ஒப்பிடுவது பயனளிக்கும் என்று நினைக்கிறேன்.

இங்கே சைக்கிளோட்டிகள் இயன்றவரை சாலையின் இடது ஓரத்தை ஒட்டிச் சென்று மற்ற வாகனங்கள் பாதுகாப்பாக முந்த இடம் தர வேண்டும். 2022 சனவரி 1 முதல் குழுவின் நீளம் ஐந்து சைக்கிள்களுக்கு மேல் போகக் கூடாது, அதாவது ஒற்றை வரிசையில் ஐந்து பேர், அருகருகே சென்றால் பத்துப் பேர். திசைக்கு ஒரு தடமே உள்ள சாலைகளிலும், பேருந்துத் தட நேரங்களில் அந்தத் தடங்களிலும் ஒற்றை வரிசைதான். மீறினால் விதிக்கப்படும் அபராதம் 75 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 150 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. முந்தும்போது 1.5 மீட்டர் இடைவெளி என்பது இங்கும் ஓட்டுநர்களுக்கான வழிகாட்டுதலாக இருக்கிறது.

ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. இங்கே நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துக்குள் சைக்கிள் ஓட்டலாம், சைக்கிள் பாதைகளும் நிறைய உண்டு. சாலையில் செல்லப் பயப்படுபவருக்கு வேறு வழி இருக்கிறது. உங்களுக்கு அந்த வழி இல்லை என்று நினைக்கிறேன். ஓரமாகச் செல் என்று சொல்லும் நாடு, ஓரத்தில் பாதுகாப்பான இடத்தையும் தருகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சட்டத்தில் எழுதப்பட்ட மிகத் தெளிவான எண்கள்கூடச் சண்டையைத் தடுத்துவிடுவதில்லை. 2018இல் பாசிர் ரிசில் ஒரு சைக்கிளோட்டி லாரியின் பக்கக் கண்ணாடியை அடிக்க, லாரி ஓட்டுநர் அவர் பக்கம் வண்டியை ஒடித்த நிகழ்வில் இருவருமே நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள்.

சங்கிலிச்சத்தம் எழுதியது:

பொங்கோல்காரர் சொல்வது சரி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைபாதையில் சைக்கிள் ஓட்டுவதை 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டமே தடைசெய்திருக்கிறது. சைக்கிள் தடம் இருந்தாலும் அதைப் பயன்படுத்துவது கட்டாயமல்ல என்று 61ஆம் விதி சொல்கிறது. வெறும் வெள்ளைக்கோடு போட்டு, நிறுத்திய கார்களின் கதவோரத்தில் முடியும் தடங்களை அறிந்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும்.

நெறியாளர் எழுதியது:

சிவப்பு விளக்கை மீறும் சைக்கிளோட்டிகள் பற்றியும் சாலை வரி பற்றியும் வந்த இரண்டு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். சாலைக்கென ஒதுக்கப்பட்ட வரி 1937லேயே முடிவுக்கு வந்துவிட்டது, சாலைகள் பொது வரிப்பணத்தில்தான் அமைகின்றன என்பதை மட்டும் இங்கே குறிப்பிட்டு விடுகிறேன். இவ்விழையில் சாலையில் எங்கே செல்வது என்பதைப் பற்றி மட்டும் தொடர்ந்து எழுதவும்.

வடலி எழுதியது:

நகரத்துக்குள் இந்தக் கணக்குப் பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன். 20 மைல் வேகக் கட்டுப்பாடு உள்ள வீதியில், மணிக்கு 12 அல்லது 15 மைல் செல்பவருக்குப் பின்னால் சிறிது தூரம் சென்றால் ஒன்றும் குறைந்துவிடாது, அடுத்த சிவப்பு விளக்கில் எப்படியும் சேர்ந்து நிற்கப் போகிறோம்.

நாட்டுப்புற வீதிகள்தான் என் கவலை. சர்ரேயிலும் கென்டிலும் உயர்ந்த புதர்வேலிகளுக்கு நடுவே, வளைவுக்கு வளைவு, வேக எல்லை 60 மைல் என்று குறிக்கப்பட்ட வீதிகள் உண்டு. அங்கே இருவர் இருவராக நீண்ட குழு ஒன்று ஏறினால், முந்துவதற்கான இடம் மைல் கணக்கில் கிடைக்காது. பின்னால் பத்து வாகனங்கள் சேர்ந்த பின் பத்தாவது வாகனத்தில் இருப்பவர் பொறுமை இழந்து வளைவில் முந்துகிறார். எதிரே ஒருவர் வந்தால் மூன்று குடும்பங்களுக்கு நாசம். பிழை முந்தியவருடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் முன்னால் சென்ற குழு ஒரு வயல் வாசலில் ஒரு நிமிடம் ஒதுங்கியிருந்தால் அது நடந்திருக்காது. சட்டம் யார் பக்கம் என்பதைவிட அந்த ஒரு நிமிடத்தைத்தான் நான் கேட்கிறேன்.

சங்கிலிச்சத்தம் எழுதியது:

அண்ணா கேட்கும் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். என் குழுவில் நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்பதைச் சொல்கிறேன்.

பெரிய குழுவாகச் சேர்ந்தாலும், நாட்டுப்புறச் சாலைகளுக்குள் நுழையும் முன் ஆறு அல்லது எட்டுப் பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்துவிடுவோம். இரண்டு குழுக்களுக்கு நடுவே ஒரு கார் நிம்மதியாகத் திரும்பித் தன் தடத்துக்கு வர இடம் விடுவோம். கடைசியில் வருபவரின் பொறுப்பு பின்னால் பார்ப்பது. வாகனம் வந்தால் அவர் குரல் கொடுப்பார், முன்னால் உள்ளவர்கள் சாலையைப் பார்த்து முடிவெடுப்பார்கள். வளைவுக்கு முன்னும் மேட்டின் உச்சிக்கு முன்னும் நாங்கள் இருவராகவே செல்வோம், ஏனென்றால் அங்கே ஒற்றை வரிசைக்கு மாறினால் 'முந்து' என்று சொல்வது போலாகும், எதிரே வருவதை அந்த ஓட்டுநரும் காணவில்லை, நாங்களும் காணவில்லை. வளைவு கடந்து நேர்ப்பாதை தெரிந்ததும் ஒற்றை வரிசைக்கு மாறுவோம். நேர்ப்பாதையே வராத சாலையில் வாகனங்கள் சேர்ந்துவிட்டால், வயல் வாசலிலோ சாலை விரிந்த இடத்திலோ நின்றுவிடுவோம்.

கையசைத்து 'வாருங்கள்' என்று சைகை காட்டுவதை மட்டும் நாங்கள் தவிர்க்கிறோம். எதிரே வழி காலியா என்று முடிவு செய்ய வேண்டியவர் ஓட்டுநர். சகோதரி தாமரைக்குளம் நேரான அகலமான தெருவில் செய்வது வேறு. வளைவுகள் நிறைந்த சாலையில் என் கையை நம்பி ஒருவர் முந்தி விபத்து நடந்தால் அந்தச் சுமையை என்னால் தாங்க முடியாது.

60 மைல் என்பது உச்ச வரம்பு. புதர்வேலி வளைவில் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில்தான் செல்ல வேண்டும் என்பது 126ஆம் விதி. அந்த வளைவுக்கு அப்பால் சைக்கிள்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, குதிரையில் செல்பவரோ நடந்து செல்லும் முதியவரோ இருக்கலாம்.

கெண்டன்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. குறிப்பான ஓர் இடத்தைப் பற்றிக் கேட்டுவிடுகிறேன். என் வழியில் பாதசாரிகள் கடப்பதற்காகச் சாலையின் நடுவே சிறு திட்டுகள் கட்டியிருக்கிறார்கள். திட்டுக்கும் ஓரக்கல்லுக்கும் இடையே ஒரு கார் போகும் அகலம்தான் இருக்கும். முன்னால் செல்லும் சைக்கிளோட்டி திட்டு வருவதற்குச் சற்று முன்பு திடீரென்று என் முன்னால் நடுவுக்கு வருகிறார். நான் பிரேக்கை அழுத்த வேண்டியிருக்கிறது. அங்கே இருவரும் செய்ய வேண்டியது என்ன?

இரட்டைமாடி எழுதியது:

அந்தத் திட்டுகள் என் வழித்தடத்திலும் உண்டு. சைக்கிளோட்டியும் நீங்களும் ஒரே நேரத்தில் அதற்குள் போக இடமில்லை, ஆகவே அவர் நடுவுக்கு வருவது சரி. ஆனால் திட்டின் வாயிலில் வருவது தாமதம். நாலைந்து விளக்குக் கம்பங்களுக்கு முன்பே வலப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்து, இடைவெளி இருந்தால் கை காட்டி, மெல்ல நடுவுக்கு வந்துவிட வேண்டும். பள்ளிக் குழந்தைகளுக்குச் சைக்கிள் பயிற்சி தருபவர்களும் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த ஒரு பார்வையில் அவருக்கு என் தூரம் தெரிகிறது, அவர் நகரப் போகிறார் என்பதும் எனக்குத் தெரிந்துவிடுகிறது. திட்டைத் தாண்டியதும் மறுபடி இடப்பக்கம் நகர்ந்தால் நான் எதிர்த்தடத்தைப் பார்த்து முந்திக்கொள்வேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதைவிட எளிது. தூரத்தில் திட்டும் அதற்கு முன்னால் சைக்கிளும் தெரிந்தால், அவருக்கு முன்பே திட்டைத் தாண்டிவிடலாம் என்று வேகத்தைக் கூட்டாதீர்கள். காலை முடுக்கியிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் நடுவுக்கு வரப் போகிறார் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து, இரண்டு விநாடி இடைவெளி விட்டுப் பின்னாலேயே வாருங்கள். ஈரமான சாலையில் இன்னும் அதிகமாக விடுங்கள். வேகத்தைக் குறைக்கவே அமைக்கப்பட்ட குறுக்கங்களில் நகரும் எவரையும் முந்தக் கூடாது என்று 153ஆம் விதியும் சொல்கிறது. பேருந்தை நிறைத்துப் பயணிகளை ஏற்றிக்கொண்டு நான் அங்கே அப்படித்தான் வருகிறேன், திட்டு கடந்து அவர் ஒதுங்கும்வரை எனக்குப் பின்னால் இருப்பவர்களும் காத்திருக்கிறார்கள்.